டப்பாவுக்குள் ஒரு கிள்ளு பஞ்சு

சுருளிலிருந்து ஒரு கிள்ளு பஞ்சை எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஒரு உருட்டு உருட்டி, மாத்திரை டப்பாவின் வாயில் திணித்துக் கட்டைவிரலால் அழுத்துகிறார். மூடியைத் திருகுகிறார். டப்பாவைத் தன் காதோரம் கொண்டுபோய்க் குலுக்கிப் பார்க்கிறார். பிறகு எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் காதருகே நீட்டி இன்னொரு குலுக்கு.

"கேக்குதா?"

"கேக்கலக்கா."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போ. இனிமே இதப் பையில போட்டுக்கிட்டு நீ ஓட்டப் பந்தயம் ஓடினாலும் ஊருக்குத் தெரியாது."

பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கும் மாத்திரைக்கு வாய் அதிகம். நடந்தால் கலகல, படியேறினால் கலகல. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி "என்ன மாத்திரை?" என்று கேட்பாள். வீட்டில் மாமியார் கேட்பார், நாத்தனார் எடுத்தே பார்ப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, எச்.ஐ.வி. மருந்தை வாங்கிக்கொண்டு போய் வழியிலேயே சாக்கடையில் கொட்டிய கர்ப்பிணிகள் உண்டு. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்துதான் இந்தப் பஞ்சு. மருத்துவமனையில் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவர் பஞ்சக்கா.

தாழ்வாரத்தின் கடைசியில், குழந்தைகளை எடை பார்க்கும் அறைக்கும் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவருடைய அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு கதவு. கதவில் 'தாய் சேய் ஆலோசனை' என்று எழுதியிருக்கிறது. "நான் என்ன ஆலோசனை சொல்றேன்? அழறவங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். அழுது முடிச்சதும் மாத்திரையை எப்ப போடணும்னு சொல்றேன். அவ்வளவுதான்" என்கிறார். இந்த வேலைக்கு முக்கியமான தகுதி, அந்தக் கிருமி தன் உடம்பிலும் இருக்க வேண்டும், அது தெரிந்தே ஒரு பிள்ளையைப் பெற்றிருக்க வேண்டும். "எல்லாருக்கும் படிப்புக்கு வேலை கெடைக்கும். எனக்கு நோய்க்கு வேலை கெடச்சுது பாருங்க!" சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். நான் சிரிக்கலாமா கூடாதா என்று முழித்தேன். "சிரிங்க பேப்பர்காரம்மா, காசா பணமா?" என்றார்.

சத்தம் என்றாலே அவருக்கு ஆகாது. சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறார். கையில் ஒற்றை வளையல்தான். இரண்டு போட்டால் ஒன்றோடு ஒன்று பேசுமாம். தேநீரில் சர்க்கரை கலக்கும்போது கரண்டி தம்ளரில் படாமல் கலக்குகிறார். நானும் வீட்டில் முயன்று பார்த்தேன், பாதி மேசையில் கொட்டியது. பல வருஷமாக ஒரு டப்பாவை ஒளித்து வைத்துப் பழகியவரின் கை அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் போனது அவரைப் பார்க்க அல்ல. எங்கள் பத்திரிகை ஆசிரியர் ஒரு வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்து, "குழந்தைச் சாவு குறைஞ்சிருக்காம். அந்தக் கோட்டைப் பத்தி எழுது" என்று துரத்தினார். கோட்டைப் பற்றி என்னத்தை எழுத? கடுப்போடுதான் கிளம்பினேன். குழந்தைகள் வார்டு டாக்டரம்மாவின் அறைச் சுவரில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. நாடு முழுக்க ஐந்து வயதுக்குள் இறந்துபோன குழந்தைகளின் கணக்கு. கோடு வருஷா வருஷம் நல்ல பிள்ளையாக இறங்கிக்கொண்டே வந்து, நடுவில் சண்டித்தனம் பண்ணி மேலே ஏறுகிறது. ஒரு மேடு கட்டி நிற்கிறது. பிறகு விறுவிறுவென்று இறங்குகிறது.

"இந்த மேடு கிருமி வந்த காலம்" என்றார் டாக்டரம்மா. "தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குப் போச்சு. நாங்க கையைக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தோம். அப்புறம் கர்ப்பிணிகளுக்குச் சோதனை வந்துச்சு, மருந்து வந்துச்சு, இறங்கிடுச்சு. எல்லாம் மருந்தால மட்டும்னு எழுதிடாதீங்க. தடுப்பூசி இருக்கு, நல்ல தண்ணி இருக்கு, கொசுவலை இருக்கு. ஆனா இந்த மேட்டைக் கரைச்சதுல பெரிய பங்கு இதுக்குத்தான்."

பஞ்சுச் சுருள் வாங்க வந்த பஞ்சக்கா எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையை நீட்டி, மேட்டின் உச்சியில் விரலை வைத்தார்.

"இதுல ஒண்ணு என்னுது."

டாக்டரம்மா பஞ்சுச் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. பஞ்சக்கா விரலைக் கோட்டின் மீது வைத்தபடியே சரிவில் இறக்கிக்கொண்டு வந்தார். "எம் பொண்ணு இந்தக் கோட்டுலயே இல்ல. அவ இதுல இல்லாததாலதான் இது எறங்குது." சொல்லிவிட்டுப் பஞ்சை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் ஆசிரியரின் கோட்டை அங்கேயே விட்டுவிட்டு அவர் பின்னால் போனேன்.

முதலில் பிறந்தவன் பையன். இரண்டு வயது நிரம்பவில்லை. இருமல், வயிற்றுப்போக்கு, வாயெல்லாம் புண், என்ன கொடுத்தாலும் உடம்பு தேறவில்லை. சத்துக் குறைவு என்றார்கள். "அப்பல்லாம் இதே வார்டுல கட்டிலுக்கு ரெண்டு புள்ளைங்க. காலையில எந்திரிச்சுப் பாத்தா பக்கத்துக் கட்டில் காலியா இருக்கும். எங்கேன்னு கேக்க மாட்டோம். நம்ம கட்டிலை யாரும் கேட்டுடக் கூடாதுல்ல?" அவருடைய கட்டிலும் ஒரு நாள் காலியானது. ஏன் என்று அவருக்குத் தெரிய இன்னும் சில வருஷம் ஆனது. இரண்டாவது முறை வயிற்றில் வந்தபோதுதான் சோதனையும் இங்கே வந்திருந்தது. அவருக்கும் இருந்தது, வீட்டுக்காரருக்கும் இருந்தது.

வீட்டுக்காரர் சுவருக்கு வர்ணம் அடிப்பவர். அந்த நாளில் மருந்து வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கு மட்டும்தான் வந்தது. ஆண்களுக்கு வரவில்லை. "எனக்குக் குடுத்த மாத்திரையப் பாதியா உடைச்சு அவருக்குக் குடுக்கலாம்னு பாத்தேன். 'அது பாப்பா மாத்திரை, தொடாதே'ன்னுட்டார். இருமிக்கிட்டேதான் சொன்னார். கடைசி வரைக்கும் அவர் அதுக்கு வச்ச பேரு பாப்பா மாத்திரை." மகள் பிறந்து தவழ ஆரம்பித்தபோது அவர் போய்விட்டார். அவருக்கான மருந்து அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. இதைச் சொல்லும்போது பஞ்சக்கா அழவில்லை. எனக்குத்தான் மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது. மேசைமேல் இருந்த பஞ்சையே ஒரு கிள்ளு கிள்ளிக் கொடுத்தார்.

அந்த மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். வாய் என்றால் வாய், வண்டி வண்டியாகப் பேசுகிற வாய். அவள் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று பஞ்சக்காவின் கைப்பேசியில் இருக்கிறது. சோதனை முடிவைக் கேட்டு இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அவர் நிறையப் பேசுவதில்லை. அழுது ஓயும் வரை காத்திருந்து, கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டுகிறார். "இவதான் என்னோட ரிசல்ட்டு. எனக்கு இருக்கு, இவளுக்கு இல்ல. நாக்கைப் பாத்தியா? இந்த நாக்குகிட்ட நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்." கண்ணீரோடு ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் அவள் அடுத்த மாதமும் வருவாள் என்பது பஞ்சக்காவின் நம்பிக்கை.

இப்படி அந்த ஊரில் எத்தனையோ தாய்மாருக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியும், நாக்கு தெரியும், பிறந்த கதை தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் எதுவும் தெரியாது. அம்மாவுக்குக் குழந்தைகளை எடை பார்க்கிற வேலை, அம்மா போடுவது ரத்தச் சோகை மாத்திரை, அண்ணன் காய்ச்சலில் போனான். இவ்வளவுதான் அவளிடம் சொல்லியிருந்தது.

"ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றீங்க. வீட்டுல சொல்லலையா?" என்று கேட்டேன்.

"ஊருக்குச் சொல்றது சுலபம் பேப்பர்காரம்மா. ஊரு அழுதா துடைச்சுவிட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம். வீடு அழுதா எங்க போறது?" ஒரு கிள்ளு பஞ்சை எடுத்து உருட்டினார். "எங்கண்ணனக் கொன்னது நீதானான்னு கேட்டுட்டா? கேக்க மாட்டா. நல்ல புள்ளை. ஆனா ஒருவேளை கேட்டுட்டா?"

அவருடைய அறையில் ஒரு சட்டம் உண்டு. வெளியே பார்த்தால் நீ யாரோ நான் யாரோ. சந்தையில், பேருந்து நிறுத்தத்தில், கல்யாண வீட்டில், எங்கே எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும். மாதா மாதம் பஞ்சக்காவின் மடியில் விழுந்து அழுகிறவர்கள் கடைத்தெருவில் அவரை இடித்துக்கொண்டு போவார்கள். அவருக்கு அதில் அத்தனை பெருமை. "என்னைத் தெரியாத மாதிரி போறாங்க பாருங்க, அவங்கதான் என் சொந்தக்காரங்க" என்று காதில் கிசுகிசுப்பார். தன்னைப் பார்த்தால் என்ன செய்வது என்பதற்குச் சட்டம் போட்டவர், அந்தப் படத்தில் இருக்கிறவளைப் பார்த்தால் என்ன செய்வது என்று போடவில்லை.

தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் அன்று தன் குழந்தையின் கடைசிச் சோதனை முடிவுக்காக வந்திருந்தாள். பிறந்த சில வாரத்தில் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தது, நடுவில் ஒரு தடவை பார்த்தது, பால் மறக்கடித்த பிறகு இப்போது முடிவாக. பஞ்சக்காவிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கெட்ட சேதி என்றால் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்துச் சொல்வார். நல்ல சேதி என்றால் அவருக்குப் பொறுக்காது. தாழ்வாரத்தின் மறுகோடியில் அந்தப் பெண் வரும்போதே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"இல்லடி. இல்ல, இல்ல!"

'இல்லை' என்ற சொல்லைக் கடைக்காரரிடமும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் கேட்டு எரிச்சல்பட்டவள் நான். அதற்குள் இவ்வளவு இனிப்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெண் ஒரே நேரத்தில் சிரித்தாள், அழுதாள், சுவரைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை பயந்துபோய் வீரிட்டது. பஞ்சக்கா இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

அந்த சந்தோஷத்தோடுதான் அவள் பேருந்து ஏறினாள். இரண்டு நிறுத்தம் தாண்டி, கல்லூரி வாசலில், அந்தப் படம் பேருந்தில் ஏறியது.

அன்று மாலை மகள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றவில்லை. "ஏம்மா, பஸ்ல ஒரு அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. 'நீதானே அது, நாக்கு நீட்டின பொண்ணு'ங்கறாங்க. 'உன் போட்டோவைப் பாத்துதான் நான் இவனைப் பெத்தேன், இவனுக்கும் இல்லம்மா, இவனுக்கும் இல்ல'ங்கறாங்க. என்ன இல்ல? யாரும்மா அவங்க?"

இதைப் பஞ்சக்கா எனக்குச் சொன்னது இரண்டு நாள் கழித்து, அவருடைய அறையில். கையில் பஞ்சு இருந்தது, உருட்டவில்லை.

"அடுப்பை அணைச்சுட்டு, அவளை உக்காருன்னேன். இங்க புதுசா வர்றவங்ககிட்ட சொல்ற மாதிரியே ஆரம்பிச்சேன். 'பயப்படாதே, இது கட்டுப்படுத்தக்கூடிய ஒண்ணு'ன்னு. 'என்கிட்ட ஆபீஸ் பேச்சுப் பேசாதம்மா'ன்னா. அப்புறம் அம்மாவா சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தவ, 'கேன்சர் இல்லையா?'ன்னா பாருங்க! டப்பாவை அவ எப்பவோ பாத்துட்டாளாம். ரத்தச் சோகை மாத்திரையை யாராவது பஞ்சு வச்சு ஒளிப்பாங்களான்னு அவளா யோசிச்சு, கேன்சர்னு முடிவு பண்ணி, தனக்குத் தெரியும்னு எனக்குத் தெரிஞ்சா நான் பயந்துடுவேன்னு வாயை மூடிக்கிட்டிருந்திருக்கா. அந்த வாயி! அதுல கொடுமை என்னன்னா, அந்தப் பஞ்சை எடுத்து நகச்சாயம் துடைச்சிருக்கா. பஞ்சு வைக்க மறந்துட்டேன்னு என் தலையில நானே எத்தனை தடவை அடிச்சுக்கிட்டேன்!"

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"எனக்கும் இருக்கான்னு கேட்டா. உனக்கு இல்லடின்னேன். அதுக்கப்புறம் கேட்டா, 'அண்ணனுக்கு ஏம்மா அந்த மருந்தைக் குடுக்கல?'"

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். 'அப்ப இங்க அது வரலடி. எனக்கு இருக்கறதே எனக்குத் தெரியாது. மருந்து வந்துச்சு, அப்புறம் நீ வந்த'ன்னேன். எந்திரிச்சுப் போய்ச் சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டா. ரெண்டு நாளாச்சு. சாப்பிடறா, காலேஜ் போறா, வர்றா. ஒரு வார்த்தை பேசல. வீட்டுல இவ்வளவு அமைதிய நான் கேட்டதே இல்ல. சத்தம் ஆகாது ஆகாதுன்னுக்கிட்டிருந்தேனே, இந்தா வச்சுக்கோன்னு குடுத்துட்டான் ஆண்டவன்."

அப்போதுதான் வாசலில் நிழலாடியது. தையல்காரப் பெண். விஷயம் எப்படியோ எட்டியிருக்கிறது. உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றாள்.

"என் வாயைத் தைச்சுடணும்க்கா."

"தைக்கறதெல்லாம் கம்பெனியில தை. வாயைத் தைச்சுட்டா புள்ளைக்கு யாரு பாட்டுப் பாடறது? உள்ள வா." பஞ்சக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். "நீ என்னடி பண்ணுவ. கட்டிச் சேத்து வச்ச சந்தோஷம், வழியில அவிழ்ந்துடுச்சு. ஊருக்கெல்லாம் அவ படத்தைக் காட்டினவ நானு. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல." அவள் போகும்போது வழக்கம்போல டப்பாவுக்குப் பஞ்சு வைத்துக் காதருகே குலுக்கிக் காட்டித்தான் அனுப்பினார்.

சாயங்காலம் கிளம்பும்போது என் பையைப் பிடித்து இழுத்தார். "நீங்களும் வீட்டுக்கு வாங்க. ஆள் இருந்தா அவ சும்மா இருக்க மாட்டா, ரெண்டு வார்த்தையாவது பேசுவா. எனக்குக் கேட்டா போதும்." வேலை கிடக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

மூன்றாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையல் மூலை. சுவரெல்லாம் இளநீல வர்ணம், வீட்டுக்காரர் அடித்ததாம். அதன்மேல் இன்னொரு வர்ணம் அடிக்கப் பஞ்சக்காவுக்கு மனசு வரவில்லை. மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். என்னைப் பார்த்து "வாங்க ஆன்ட்டி" என்றாள். அம்மாவின் தம்ளரை அம்மாவின் பக்கம் தள்ளினாள். அதற்குமேல் ஒன்றும் இல்லை. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் படிக்கிற மேசைமேல், புத்தகங்களுக்கு நடுவில், ஒரு சின்னப் பையனின் மங்கிய படம் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பஞ்சக்காவும் அதைப் பார்த்துவிட்டார். "அது பெட்டிக்குள்ள துணிக்கடியில இருந்துச்சு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நானே எடுத்துப் பாத்து ரொம்ப நாளாச்சு."

நான் ஊர்க்கதை பேசினேன், விலைவாசி பேசினேன், பேருந்து நெரிசலைத் திட்டினேன். யாரும் பிடி கொடுக்கவில்லை. மணி எட்டு ஆனது, மாத்திரை போடும் நேரம். பஞ்சக்கா எழுந்து சமையல் மூலைக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, டின்களுக்குப் பின்னால் கையை விட்டார். கை அங்கேயே நின்றது. ஒரு டின்னை நகர்த்தினார். இன்னொன்றை நகர்த்தினார். எல்லாவற்றையும் நகர்த்தினார். டப்பா இல்லை. திரும்பி என்னைப் பார்த்த அந்த முகத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. தூக்கிப் போட்டுவிட்டாள் என்றே நானும் நினைத்தேன்.

உள்ளறையிலிருந்து கலகலவென்று சத்தம் வந்தது.

மகள் வாசற்படிக்கு வந்து நின்றாள். ஒரு கையில் டப்பா. இன்னொரு கையின் விரல் நுனியில் சிவப்புக் கறை படிந்த பஞ்சு. ஐந்து விரலில் மூன்றில் மட்டும் சாயம் துடைத்திருந்தது.

"மணி எட்டாச்சு. காது கேக்கலையா?" என்றாள். குரல் கரகரத்தது. "பாப்பா மாத்திரையா இதுக்குப் பேரு? அப்பா வச்சதா?"

"அதை எப்ப சொன்னேன்?"

"அன்னிக்கு ராத்திரி. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு நீயா சொல்லி அழுதுக்கிட்டிருந்தியே."

பஞ்சக்கா கையை நீட்டினார். மகள் ஒரு மாத்திரையை அந்த உள்ளங்கையில் தட்டினாள், தண்ணீரைக் கொடுத்தாள், தொண்டைக்குள் இறங்கும் வரை நகராமல் நின்று பார்த்தாள். விழுங்கி முடித்ததும் பஞ்சக்காவின் கை தானாகக் கைப்பைக்குப் போயிற்று. சுருளிலிருந்து ஒரு கிள்ளு கிள்ளியது, உருட்டியது, டப்பாவைத் தேடிக்கொண்டு போயிற்று. மகள் டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பலமாகக் குலுக்கினாள்.